கையோடு எடுத்துச் செல்லும் சர்வர்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுபவர், ஓட்டலில் மேசைக்கு மேசை நடந்து, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று விசாரித்து, இட்டிலியும் காப்பியும் கொண்டு வந்து வைப்பவரே ஆவார். தில்லிக் கரோல் பாக்கிலும் மும்பை மாதுங்காவிலும் உள்ள நம்மவர் சிற்றுண்டிச் சாலைகளில் அவரை நாம் நன்கு அறிவோம். கணினி உலகிலே சர்வர் எனப்படுவதும் ஏறத்தாழ அதே ஊழியத்தைத்தான் செய்கிறது. கேட்பவர் கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பது அதன் தொழில். ரயில் டிக்கெட் பதிவு செய்யும்போதும், பாங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும் எங்கோ ஓரிடத்தில் உள்ள சர்வரே நமக்கு விடை கூறுகிறது.

அத்தகைய பெரிய சர்வர்கள் குளிரூட்டப்பட்ட கூடங்களில் வரிசை வரிசையாக நிற்பவை. ஆனால் சர்வர் என்றால் பெரிதாகவே இருக்க வேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை. ஒரு பள்ளிக்கோ, ஒரு மன்றத்துக்கோ, ஒரு குடும்பத்துக்கோ போதுமான சிறு சர்வரைப் பழைய கணினி ஒன்றைக் கொண்டே நடத்தலாம். அதனை இயக்கும் இயங்குதளத்தைக் கணினியின் உள்ளே வைக்காமல், சட்டைப் பையில் அடங்கும் எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்றில் வைத்து இயக்கவும் முடியும். அது எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளையும் நன்மை என்ன, எங்கே அது நம் காலை வாரிவிடும் என்பவற்றை இங்கே விளக்க முயல்வோம்.

நாங்கள் பொறியியல் கற்றவர்கள் அல்லோம். வடநாட்டு நகரம் ஒன்றிலே ஒரு சிறிய தமிழ் மன்றத்தின் நூலகத்தை மாலை நேரங்களில் கவனித்து வருபவர்கள். மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, வாடகை அறைதான். வீட்டுக்காரர் கேட்டால் காலி செய்ய வேண்டியதே. உறுப்பினர்களிலே பெரும்பாலோர் மத்திய அரசு உத்தியோகத்தில் உள்ளவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றல் உத்தரவு வந்துவிடும். நூலகத்தின் புத்தகப் பட்டியல் ஒரு காலத்தில் செயலாளர் வீட்டுக் கணினியில் இருந்து வந்தது. அவர் கவுகாத்திக்கு மாற்றலாகிச் சென்றபோது பட்டியலும் அவருடனே சென்றுவிட்டது. அதன் பிறகுதான், கணினி எவருடையதாக இருப்பினும் பட்டியல் மன்றத்தினுடையதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானித்தோம். எவர் கணினியைக் கொடுத்து உதவுகிறாரோ அதில் மன்றத்தின் டிரைவைச் செருகி நூலகத்தை நடத்துவது என்பது ஏற்பாடு.

நூலகப் பணிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த மென்பொருள் கோஹா என்பது. நியூசிலாந்தில் ஒரு நூலக அமைப்பு, தன் பழைய கணினி ஏற்பாடு 2000ஆம் ஆண்டுத் தேதியைத் தாங்காது என்று கண்டு, 1999இல் இதனை எழுதுவித்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அது பயனுக்கு வந்தது. மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு என்று பொருள். பெயருக்கேற்ப, எவரும் விலையின்றி எடுத்துக் கொள்ளலாம். தமிழ் எழுத்துக்களும் அதில் தடையின்றிப் பதிவாகின்றன. அன்பளிப்பாக வந்த நூல்களையே பெரிதும் கொண்ட எங்கள் நூலகத்துக்கு இது பொருத்தமாகவே அமைந்தது.

இனி இயங்குதளம் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். கலியாணத்துக்கு வரும் தலைமைச் சமையற்காரரை நினைத்துக் கொள்ளுங்கள். அடுப்பும் அண்டாவும் கலியாண வீட்டாருடையவை. எதை எப்பொழுது அடுப்பில் ஏற்றுவது, எந்த ஆளை எந்த வேலைக்கு ஏவுவது, பந்திக்கு எதை முதலில் அனுப்புவது என்ற நிர்வாகம் முழுவதும் அவருடையது. கணினியில் உள்ள செயலியும் நினைவகமும் அடுப்பும் அண்டாவும் போன்றவை. அவற்றை ஆளும் தலைமைச் சமையற்காரரே இயங்குதளம். அவர் தம் கரண்டிகளையும் கையாட்களையும் அழைத்துக் கொண்டு வீட்டுக்கு வீடு செல்வது போலவே, டிரைவில் குடியிருக்கும் இயங்குதளமும் கணினிக்குக் கணினி செல்கிறது.

வீட்டுக் கணினியின் இயங்குதளம் ஒருவர் எதிரே அமர்ந்து வேலை செய்வதற்கென்று அமைந்தது. படங்களும் சாளரங்களும் அதற்கு இன்றியமையாதவை. சர்வரின் இயங்குதளமோ, எதிரே எவரும் இல்லாமலே நாட்கணக்காக ஓட வேண்டியது. ஆதலின் அது பெரும்பாலும் எழுத்துக் கட்டளைகளாலேயே ஆளப்படுகிறது. மின்சாரம் போய்த் திரும்பினால் தன் ஊழியங்களைத் தானே மீண்டும் தொடங்கிக் கொள்ளும். ஃபின்லாந்திலே ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலே இன்று உலகத்துச் சர்வர்களில் பெரும்பகுதிக்கு அடிப்படை. அதன்மேல் எழுந்த டெபியன் 1993இலும், டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டு 2004இலும் தோன்றின. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்ற இயங்குதளமும் டெபியனின் வழிவந்ததே. எங்கள் டிரைவில் நாங்கள் நிறுவியது டெபியன்.

இயங்குதளம் கணினியின் உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்கில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பலருக்கு மாற்றிக் காட்டியது, ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் ஆகும். ஒரே ஒரு குறுந்தகட்டைச் செருகிக் கணினியை எழுப்பினால், உள்ளிருக்கும் டிஸ்கைத் தொடாமலே லினக்ஸ் முழுவதும் அதிலிருந்து ஓடும். ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. அன்று செய்த வேலை, கணினியை அணைத்தவுடன் மறந்துவிடும். சோதித்துப் பார்ப்பதற்கு அது போதும், சர்வருக்குப் போதாது. சர்வர் நேற்று எவர் எந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்றார் என்பதை இன்றும் நினைவில் வைத்திருக்க வேண்டும் அன்றோ?

இதிலிருந்து ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். இயங்குதளத்தை நிறுவுவதற்குப் பயன்படும் பென் டிரைவ் வேறு. இயங்குதளம் நிறுவப்பட்டுக் குடியிருக்கும் டிரைவ் வேறு. முன்னது விதை மூட்டை போன்றது. பின்னது விளைந்த வயல். இரண்டையும் ஒரே சமயத்தில் கணினியில் செருகி, முன்னதிலிருந்து எழுப்பி, பின்னதில் முழுமையாக நிறுவ வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் பலர் முன்னதையே சர்வர் என்று எண்ணி, எழுதியவை எல்லாம் மறுநாள் காணாமற் போவது கண்டு திகைக்கிறார்கள்.

நிறுவியாயிற்று. இனி, கணினி அந்த டிரைவை எவ்வாறு கண்டுகொள்கிறது? மின்சாரம் பாய்ந்தவுடன் கணினி முதலில் எந்த டிஸ்கையும் நாடுவதில்லை. அதன் தாய்ப்பலகையில் ஒரு சில்லு உண்டு. அதில் ஒரு சிறு நிரல் நிலையாகப் பதிந்திருக்கிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ்; புதியவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. அந்த நிரல் நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்துவிட்டு, "இயங்குதளம் எங்கே?" என்று ஒரு வரிசைப்படி தேடுகிறது. இயல்பாக உள் டிஸ்கே அவ்வரிசையில் முதலில் நிற்கும். ஆகவே கணினி எழும் தறுவாயில், அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள விசையை அழுத்தி, யு.எஸ்.பி. டிரைவை முதலில் தேடுமாறு வரிசையை மாற்றி வைக்க வேண்டும். சில கணினிகளில் அது எஃப்-12, சிலவற்றில் எஃப்-2 அல்லது டெலிட் விசை.

பயாஸ் தேடும் முறை எளியது. டிரைவின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்கே உள்ள கட்டளைக்குக் கட்டுப்படும். யூ.ஈ.எஃப்.ஐ. தேடும் முறை சற்று வேறானது. அது டிரைவில் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியைத் திறந்து, அங்கே உள்ள துவக்கி நிரலை ஓட்டுகிறது. எந்த நிரலை ஓட்டுவது என்ற குறிப்பைத் தாய்ப்பலகையிலேயே எழுதி வைத்துக் கொள்வதும் அதன் வழக்கம். இங்கேதான் முதற் சிக்கல் எழுகிறது. குறிப்பு தங்கியிருப்பது தாய்ப்பலகையில். டிரைவோ ஊர் சுற்றுவது. வேறு கணினியின் தாய்ப்பலகையில் அக்குறிப்பு இராது. இதற்கு ஒரு மாற்று வழி விதியிலேயே உண்டு. குறிப்பு ஏதும் இல்லாத டிரைவில், ஈ.எஃப்.ஐ. என்ற உறையினுள்ளே பூட் என்ற உறையில் பொதுவான பெயருடன் ஒரு துவக்கி நிரல் இருந்தால், யூ.ஈ.எஃப்.ஐ. அதனை எடுத்துக் கொள்ளும். கிரப் என்னும் துவக்கி நிரலை நிறுவும்போது 'ரிமூவபிள்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அது இந்தப் பொது இடத்திலே சென்று அமரும். எடுத்துச் செல்லும் டிரைவுக்கு இது அவசியம்.

இரண்டாம் சிக்கல் இதனினும் விபரீதமானது. நிறுவும் நிரல்களுள் சில, நாம் வெளி டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும், துவக்கியை மட்டும் உள் டிஸ்கில் கொண்டு போய் வைத்துவிடும். முதன்முதலில் நிறுவியபோது எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. கணினி கொடுத்து உதவிய நண்பர், மறுநாட் காலையில் தம் வேலையைத் தொடங்கக் கணினியைப் போட்டார். மன்றத்தின் டிரைவோ எங்களிடம் இருந்தது. துவக்கி எழுந்து, தன் மற்றப் பாதியைத் தேடிக் காணாமல், கறுப்புத் திரையில் ஒற்றை வரியுடன் நின்றுவிட்டது. "உங்கள் சர்வர் நடக்கட்டும், என் கணினி ஏன் படுத்துவிட்டது?" என்று அவர் கேட்டது நியாயமே. அதனைச் சீர்செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது. நிறுவுவதற்கு முன்னே உள் டிஸ்கின் இணைப்பைக் கழற்றி வைத்துவிடுவதே பத்திரமான வழி. பிறர் கணினியில் செய்யும்போது இது மரியாதையும் ஆகும்.

துவக்கி எழுந்து கருநிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கருநிரலுடன் கூடவே ஒரு சிறு மூட்டையும் ஏறுகிறது. யு.எஸ்.பி. டிரைவைப் படிப்பதற்கு வேண்டிய கருவிநிரல்கள் அந்த மூட்டையில் இருக்கின்றன. அம்மூட்டையை இப்பொழுதுள்ள கணினிக்கு மட்டும் போதுமான அளவில் கட்டலாம். எந்தக் கணினிக்கும் உதவுமாறு பெரிதாகவும் கட்டலாம். பெரிதாகக் கட்டுவதே பயணத்துக்கு உகந்தது. டிரைவ் விழித்தெழச் சில விநாடிகள் தாமதித்தாலும் பொறுத்திருக்குமாறு கருநிரலுக்குச் சொல்லி வைப்பதும் நலம்.

டிரைவின் பெயர் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். லினக்ஸ், டிஸ்குகளுக்குக் கண்ட வரிசையிலே பெயர் சூட்டும். ஒரு கணினியில் முதலாவதாக நின்ற டிரைவ் மற்றொன்றில் இரண்டாவதாக நிற்கக்கூடும். அதனால் வரிசைப் பெயரை நம்பாமல், ஒவ்வொரு பகுதிக்கும் நிறுவும்போதே சூட்டப்படும் 128 பிட் கொண்ட தனி அடையாள எண்ணைக் கொண்டே அதனைக் குறிக்க வேண்டும். இக்காலத்து நிறுவும் நிரல்கள் பெரும்பாலும் இதைத் தாமே செய்துவிடுகின்றன. பழைய குறிப்பேடுகளைப் பார்த்துக் கையால் எழுதுவோரே தவறுகிறார்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்து சர்வர் எழுந்துவிட்டாலும், அதனை எவரும் அணுக முடியாமற் போவதுண்டு. காரணம் விலாசம். கணினியின் வலையட்டைக்கு லினக்ஸ் இடும் பெயர், அந்த அட்டை தாய்ப்பலகையில் எந்த இடத்தில் செருகப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தது. ஒரு கணினியில் 'ஈ-என்-பி-3-எஸ்-0' என்றிருந்தது, மற்றொன்றில் '2-எஸ்-0' என்று முடியும். பழைய பெயருக்கு எழுதி வைத்த அமைப்பு புதிய பெயருக்குச் செல்லாது, சர்வர் ஊமையாகிவிடும். அன்றியும், ரவுட்டர் எனப்படும் வலைப்பெட்டி, வலையட்டையின் எண்ணைப் பார்த்தே விலாசம் ஒதுக்குகிறது. கணினி மாறினால் அட்டை மாறுகிறது. அட்டை மாறினால் விலாசமும் மாறுகிறது. ஆள் அதே ஆள்தான். ஆனால் தபால்காரருக்குத் தெரியாது. மாற்றலாகிப் புது ஊர் சென்ற நம் எல்லோருக்கும் பழக்கமான சங்கடமே இது. எந்த வலையட்டை இருப்பினும் ஏற்றுக் கொள்ளுமாறு அமைப்பைப் பொதுவாக எழுதிவிட்டு, புதிய இடத்தின் ரவுட்டரில் புதிய எண்ணைப் பதிந்துவிட்டால் இது தீரும்.

எல்லாக் கணினிகளுக்கும் ஒரே டிரைவ் பொருந்தும் என்றும் எண்ணலாகாது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளுக்கென நிறுவியது, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் எழாது. ஏனெனில் அவற்றின் செயலி ஆர்ம் என்ற வேறு இனத்தைச் சேர்ந்தது. ராஸ்பெரி பையும் வெளி டிரைவிலிருந்து எழக்கூடியதே; ஆனால் அதற்கென்று தனியாக நிறுவ வேண்டும்.

இதுவரை கூறியவை எல்லாம் ஒரு நாள் உழைப்பில் திருத்திக் கொள்ளக்கூடிய தவறுகள். இனிக் கூறப்போவது அத்தகையது அன்று.

நாங்கள் முதலில் பயன்படுத்தியது ஒரு சாதாரணப் பென் டிரைவ். விலை மலிவு, கைக்கும் அடக்கம். எட்டு மாதம் நன்றாகவே ஓடிற்று. ஒரு நாள் மாலை பட்டியல் திறக்க மறுத்தது. டிரைவை மறுபடி செருகிப் பார்த்தபோது, கணினி அதனை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் புதிய டிரைவ் ஒன்றை மாற்றிக் கொடுக்க முன்வந்தார். அதில் இருந்தவற்றை அவரால் மாற்றிக் கொடுக்க முடியவில்லை.

புத்தகங்களின் பெயர்கள் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்களையும் மீண்டும் பதிந்துவிட்டோம். ஆனால் கணினிக்கு மாறியபின், ஒவ்வொரு நூலுக்கும் அருகே, அதனைக் கொடுத்தவர் யார், எவர் நினைவாகக் கொடுத்தார் என்பதையும் எழுதத் தொடங்கியிருந்தோம். மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தினமும் வந்து அருகில் அமர்ந்து, ஒவ்வொரு நூலாகக் கையில் எடுத்து, அதன் வரலாற்றைச் சொல்லிச் சொல்லிப் பதியச் செய்தார். டிரைவ் பழுதாவதற்கு இரண்டு மாதம் முன்னே அவர் காலமானார். அந்தக் குறிப்புகள் நோட்டுப் புத்தகத்தில் இல்லை, வேறெங்கும் இல்லை. தொலைபேசியில் விசாரித்துச் சிலவற்றை மீட்டோம். பல நூல்களுக்கு எதிரே அந்தக் கட்டம் இன்னமும் வெறுமையாகவே உள்ளது.

பென் டிரைவ் ஏன் இவ்விதம் கைவிட்டது? அதன் உள்ளே தகவல், நுண்ணிய அறைகளில் அடைபட்ட மின்னூட்டமாகத் தங்குகிறது. எழுதியதை மாற்ற வேண்டுமாயின், ஒரு சிறு சொல்லுக்காகவும் ஒரு பெரிய தொகுதியையே அழித்து எழுத வேண்டியுள்ளது. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அறையின் சுவர் சற்றே தேய்கிறது. குறிப்பிட்ட தடவைக்கு மேல் அது தாங்காது. படங்களையும் பாட்டுகளையும் எப்பொழுதோ ஒரு முறை எழுதி வைப்பவருக்கு இந்தத் தேய்மானம் தெரிவதில்லை. சர்வரோ ஓயாமல் எழுதுவது. எவர் வந்தார், என்ன கேட்டார், என்ன பிழை நேர்ந்தது என்று நாட்குறிப்பு எழுதிக் கொண்டே இருக்கும். நினைவகம் போதாதபோது டிரைவையே நினைவகம் போலப் பயன்படுத்தும். ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாலும், பார்த்த நேரத்தைக் குறித்து வைக்கும் வழக்கமும் உண்டு.

எஸ்.எஸ்.டி. எனப்படும் டிரைவும் அதே வகை அறைகளால் ஆனதே. ஆனால் அதனுள் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. ஒரே தொகுதியில் திரும்பத் திரும்ப எழுதாமல், வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் அவர் சமமாகப் பகிர்ந்தளிப்பார். பழுதான தொகுதிகளுக்குப் பதிலாகச் சேமத்தில் உள்ளவற்றைக் கொடுப்பார். மலிவான பென் டிரைவுகளில் இந்த மேற்பார்வை மிகவும் சொற்பம். ஆதலின் சர்வருக்கு உரியது யு.எஸ்.பி. வழியே இணையும் எஸ்.எஸ்.டி.யே ஆகும். அதிலும், நாட்குறிப்புகளை நினைவகத்தில் வைத்துக் கொள்ளவும், பார்த்த நேரத்தைக் குறிக்காமல் விடவும் இயங்குதளத்துக்குக் கட்டளையிட்டால் ஆயுள் நீடிக்கும்.

பெரிய நிறுவனங்களும் இந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டனவே. ஒரே கணினியில் பல சர்வர்களை நடத்த உதவும் வி.எம்.வேர் நிறுவனத்தின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. என்ற மென்பொருளை, பல ஆண்டுகள் பென் டிரைவிலும் சிறு அட்டைகளிலும் நிறுவி வந்தார்கள். 2020இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பு முன்னைவிட அதிகமாக எழுதத் தொடங்கியது; டிரைவுகள் பழுதாயின. பின்னர் அந்நிறுவனமே, பென் டிரைவை மட்டும் நம்பி நிறுவும் முறையைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது.

வேகமும் கவனிக்கத் தக்கது. 2000ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் வரையே கடத்தும். 2008இல் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. 3.0 அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல், அதாவது 5 கிகாபிட் கடத்தும். பெரும்பாலான கணினிகளில் இரண்டாவது வகைத் துளையின் உள்நாக்கு நீல நிறமாக இருக்கும். நல்ல எஸ்.எஸ்.டி.யை வாங்கிப் பழைய துளையில் செருகிவிட்டு, சர்வர் மந்தமாக இருக்கிறது என்று குறை கூறுவது பொருந்தாது.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. பழைய யு.எஸ்.பி. துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் கொடுக்கக் கடமைப்பட்டவை. சுழலும் தட்டுக் கொண்ட வெளி ஹார்ட் டிஸ்க், சுழலத் தொடங்கும் கணத்தில் இதற்கு மேலும் கேட்கக்கூடும். அப்பொழுது டிரைவ் மயங்கி விழும். ஓடிக் கொண்டிருக்கும் சர்வரின் டிரைவ் கண நேரம் துண்டிக்கப்பட்டாலும், தலைமைச் சமையற்காரர் பந்தி நடுவே எழுந்து போனதற்கு ஒப்பாகும். பரிமாறுபவர் நிற்பார்; சோறு வராது. ஆகவே கம்பியை எவர் காலிலும் கையிலும் படாதபடி கட்டி வைக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் நேரத்துக்கு ஒரு யு.பி.எஸ். இருத்தல் நலம். டிரைவை எடுக்கும் முன்னே, கட்டளை கொடுத்துச் சர்வரை முறைப்படி அணைக்கவும் வேண்டும்.

எடுத்துச் செல்லக்கூடியது எதுவோ, அது தொலைந்து போகவும் கூடியது. ரயிலில் தவறவிட்டால், உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் யார் கையிலோ சென்று சேரும். நிறுவும்போதே டிரைவ் முழுவதையும் பூட்டி வைக்கும் வசதி லினக்ஸில் உண்டு. அப்பூட்டுக்கு ஒரு விலை உண்டு: ஒவ்வொரு முறை எழும்போதும் எவரேனும் அருகிருந்து கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊரில் இது தொல்லையே. எங்கள் மன்றத்தில், உறுப்பினர் விவரம் உள்ள பகுதியை மட்டும் பூட்டி, புத்தகப் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

நகல் எடுப்பதைப் பற்றி இப்பொழுது எங்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பட்டியல் ஒவ்வோர் இரவும் தானாகவே இரண்டாவது டிரைவுக்கு நகலாகிறது. வாரம் ஒரு முறை ஒரு நகல் வேறொரு உறுப்பினர் வீட்டுக்குச் செல்கிறது. ஏனெனில் ஒரே அலமாரியில் உள்ள இரண்டு நகல்களைத் தீயும் வெள்ளமும் ஒன்றாகவே கொண்டு செல்லும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நகலைக் கொண்டு வேறொரு கணினியில் சர்வரை எழுப்பிப் பார்க்கிறோம். எழுப்பிப் பார்க்காத நகலை நகல் என்று நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. முதற்சோதனையிலேயே, தமிழ் எழுத்துக்களுக்குப் பதிலாகக் கேள்விக் குறிகள் வரிசையாக நின்றன. அன்று அதனைக் கண்டுபிடித்திராவிட்டால், தேவைப்பட்ட நாளில் எங்களிடம் கேள்விக் குறிகளே மிஞ்சியிருக்கும்.

அப்படியாயின், எவருக்கு இம்முறை ஏற்றது? நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நாடும் சர்வருக்கு இது ஏற்றதன்று. அதற்கு உள்ளே பொருத்திய டிஸ்குகள், அதுவும் ஒன்றுக்கொன்று துணையாக இரண்டு வேண்டும். சர்வர் நிர்வாகத்தைக் கற்க விரும்பும் மாணவருக்கு இது மிகவும் ஏற்றது. வீட்டுக் கணினியைக் கெடுக்காமல் வேண்டுமளவு சோதிக்கலாம்; கெட்டால் டிரைவை மட்டும் அழித்து எழுதலாம். ஒரு கிளை நூலகத்துக்கும், ஒரு சிறு பள்ளிக்கும், ஊர் ஊராக மாறும் குடும்பத்துக்கும் இது உதவும். நம்மவர் பிற மாநிலங்களில் நடத்தும் மன்றங்கள் பலவற்றிற்கு இடம் நிலையில்லை, கணினி நிலையில்லை, செயலாளரும் நிலையில்லை. நிலையாக வேண்டுவது அவர்கள் சேர்த்து வைத்த செய்தி மட்டுமே. அதனை ஒரு டிரைவில் வைத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒரே டிரைவில் வைத்து எடுத்துச் செல்லலாகாது.

சென்ற மாதம் எங்கள் அறை மீண்டும் மாறியது. புத்தகங்களை ஏற்றி இறக்க ஒரு டெம்போவும் நான்கு ஆட்களும் ஒரு பகற்பொழுதும் தேவைப்பட்டன. பட்டியல் ஓர் உறுப்பினரின் கைப்பையில் வந்தது. புதிய அறையில் வேறொருவர் கொடுத்த கணினியில் டிரைவைச் செருகி, வலைப்பெட்டியில் புதிய எண்ணைப் பதிந்தோம். புத்தகங்கள் அலமாரிக்குச் செல்லுமுன்னே சர்வர் எழுந்துவிட்டது. அன்று மாலையே ஒருவர் வந்து, தம் தகப்பனார் கொடுத்த நூல் ஒன்றைத் தேடித் தரச் சொன்னார். பட்டியலில் அது இருந்தது. கொடுத்தவர் பெயர்க் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவரையே கேட்டு அதனை நிரப்பினோம். அன்றிரவு அது மூன்று இடங்களில் பதிவாயிற்று.